பாலைவன நகரில் ஒரு மேசை மாற்றம்

சூதாட்டசாலை ஒன்றின் வாயிற்படியை மிதிப்போம் என நாம் கனவிலும் கருதியதில்லை. திருக்குறளிலே சூதுக்கென ஓர் அதிகாரம் உண்டென்பதை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைத்து வரும் ஆசிரியத் தொழில் எம்முடையது. அத்தகைய நாம், 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரவொன்றிலே, அமெரிக்காவின் லொஸ் வேகாஸ் நகரில், போக்கர் என்னும் கடதாசி விளையாட்டு நடைபெறும் மண்டபமொன்றின் பித்தளைக் கம்பியைப் பிடித்தவண்ணம் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக நின்றோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். எமது இல்லத்தரசியார் நகைக்கவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குச் சென்று உறங்கிவிட்டார்.

பணம் கைமாறும் காட்சி எமக்கு அரை மணி நேரத்திலேயே சலித்துவிட்டது. எவரை எந்த மேசையில் அமர்த்துவது, எவரை எப்பொழுது எழுப்பி வேறு மேசைக்கு அனுப்புவது என்னும் சிறு காரியத்தை அங்கே ஒரு பெண்மணி நடத்திய முறையே எம்மை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது.

பயணத்தைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறோம். எமது மைத்துனரின் மகன் லொஸ் ஏஞ்சலீஸ் நகரில் கணினித் துறையில் பணிபுரிகின்றான். பாடசாலை விடுமுறையோடு சில நாள் லீவும் சேர்த்துக்கொண்டு அவனிடம் சென்றிருந்தோம். பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கன்யனைக் காட்டுவதாக அவன் தன் மாமிக்கு வாக்களித்திருந்தான். இடையில் ஓரிரவு தங்குவதற்கு லொஸ் வேகாஸ் வசதி என்றான். ஏறக்குறைய 430 கிலோமீற்றர் தூரம். மொஹாவிப் பாலைவனத்தை ஊடறுத்துச் செல்லும் அந்தப் பெருந்தெருவிலே மரமென்று சொல்லத்தக்க மரம் கிடையாது. பேக்கர் என்னும் சிற்றூரில் 134 அடி உயரமான வெப்பமானி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913ஆம் ஆண்டு 134 பாகை பரனைற் வெப்பம் பதிவானதை நினைவூட்டுவதற்காக அத்தனை அடி உயரமாம். வெயிலுக்குக்கூட நினைவுத்தூண் எழுப்பும் தேசம்!

லொஸ் வேகாஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் புல்வெளிகள் என்பது பொருள். ஒரு காலத்தில் நீரூற்றும் புல்லும் இருந்த இடம் அது. நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டு சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் அண்மையிலே கொலராடோ ஆற்றை மறித்து ஹூவர் அணை கட்டும் வேலையும் ஆரம்பமானது. ஊர் வளர்ந்தது. இன்று உலகம் அறிந்த பெரிய விடுதிகள் நிரையாக நிற்கும் வீதி உண்மையில் நகர எல்லைக்கு வெளியே, பரடைஸ், அதாவது சுவர்க்கம் என்னும் பெயர்கொண்ட பகுதியில் உள்ளது. பெயர் வைத்தவரின் நகைச்சுவையை மெச்சிக்கொண்டோம்.

நாம் தங்கிய விடுதியின் கீழ்த்தளம் முழுவதும் சூதாட்டக் கூடம். இயந்திரங்களின் ஓசையும் ஒளியும் தலையைச் சுற்றவைத்தன. அவற்றுக்கு அப்பால், கம்பி கட்டிப் பிரித்த ஒரு மூலையிலே, அமைதியான மண்டபம் ஒன்று தென்பட்டது. நீள்வட்ட மேசைகள், மேசைக்கு ஒன்பது பேர், நடுவே சீட்டுப் பிரிக்கும் ஊழியர். இடையிடையே வில்லைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, மழைக்காலத்துத் தவளைக் குரல் போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

“மாமா, இதுதான் போக்கர் அறை. இரண்டு மணித்தியாலம் மட்டும் விளையாடிவிட்டு வருகிறேன். மாமிக்குச் சொல்லாதீர்கள்” என்றான் மருமகன். மாமி அப்பொழுது எமக்குப் பின்னால் நின்றார். அந்தப் பார்வையைத்தான் மேலே குறிப்பிட்டோம்.

யாழ்ப்பாணத்திலே திண்ணையில் முந்நூற்றிநாலு ஆடி வளர்ந்த எமக்குக் கடதாசிகள் அந்நியமல்ல. ஆயின் போக்கரின் அமைப்பு வேறு. ஏனைய சூதாட்டங்களில் விளையாடுபவருக்கு எதிராளி அந்த நிலையமே. சுழலும் சக்கரத்தில் நீங்கள் தோற்றால் நிலையம் வெல்கிறது. போக்கரிலோ விளையாடுபவர்கள் ஒருவரோடொருவரே மோதுகின்றனர். நிலையம் மேசையும் சீட்டும் ஊழியரும் தந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பணத்திலிருந்து ஒரு சிறு பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்கிறது. நெவாடாவில் அப்பங்கு நூற்றுக்குப் பத்தை விஞ்சலாகாது. ஆகவே எவர் வென்றாலும் நிலையத்துக்கு ஒன்றே. அந்த மண்டபத்தில் நடுவராக இருப்பவருக்கு நடுநிலை எளிதென்று நாம் முதலில் எண்ணியதற்கு இதுவே காரணம். அவ்வெண்ணம் பிழையென்று பின்னர் கண்டோம்.

வாயிலருகே ஒரு மேடை. அதன் பின்னால் மின்திரையிலே காத்திருப்போர் பெயர்கள் ஓடின. மருமகனின் நீண்ட அழகிய தமிழ்ப் பெயர் அங்கே நான்கு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. முற்காலத்தில் இப்பட்டியல் பலகையில் எழுதி எழுதி அழிக்கப்பட்டதாம். மேடையில் நின்றவர் கறுப்புக் கோட்டணிந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. இப்பதவியில் இருப்பவரை அங்கு ‘புளோர்’ என்றே அழைக்கின்றனர். மேசையில் பிணக்கு எழுந்தால் சீட்டுப் பிரிப்பவர் தலையை உயர்த்தி ‘புளோர்!’ எனக் குரல் கொடுப்பார். தளத்தின் பெயரே ஆளுக்கும் பெயராகிவிட்டது.

நாற்பது நிமிடம் காத்திருந்த பின் மருமகன் ஒரு மேசையில் அமர்த்தப்பட்டான். அது இரண்டாவது மேசை. அதன் நிலைமையைச் சிறிது விளக்கவேண்டும். இக்கட்டுரையின் முடிச்சு அங்குதான் இருக்கிறது.

ஒரே வகை ஆட்டத்துக்கு இரண்டு மேசைகள் இருக்குமாயின், முதலில் தொடங்கியது முதன்மை மேசை. இரண்டாவது அதற்கு ஆள் ஊட்டும் மேசை. புதிதாக வருபவர் ஊட்டும் மேசையிலேயே அமர்வர். முதன்மை மேசையில் ஓர் ஆசனம் வெறுமையானால், ஊட்டும் மேசையில் எவர் கூடிய நேரம் இருந்தாரோ அவர் எழுந்து அங்கு செல்லவேண்டும். விருப்பம் கேட்கப்படுவதில்லை. செல்ல மனமில்லையாயின் ஆட்டத்தை விட்டே போகலாம். இதனை ‘மஸ்ட் மூவ்’ என்பர். கட்டாயப் பெயர்வு என நாம் சொல்லலாம். காரணம் எளிது. நெடுநேரம் காத்திருந்து விளையாட வந்தவர்களின் மேசை ஆளில்லாமல் சோர்ந்து கலைந்துவிடக்கூடாது. கலைவதாயின் பின்னர் தொடங்கியதே கலையவேண்டும்.

இவ்விதி இல்லாத மண்டபங்களிலும், சமநிலையான பல மேசைகள் உள்ள வேளைகளிலும், விரும்பியவர் மேசை மாற்றம் கேட்கலாம். கேட்டவர் பெயர் தனிப் பட்டியலில் ஏறும். ஆசனம் வெறுமையானதும், கேட்ட வரிசைப்படி ஒருவர் மாறுவார். அவர் விட்ட இடத்துக்குப் புதியவர் வருவார். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பதுபோல மண்டபத்துக்கு மண்டபம் இதில் சிறு வேறுபாடுகள் உண்டு.

ஏன் மாறத் துடிக்கிறார்கள்? சிலருக்கு அடுத்தவரின் வாய்ச்சவடால் பிடிப்பதில்லை. சிலருக்கு அந்த ஆசனத்தில் இராசியில்லை. பெரும்பாலானோருக்குக் காரணம் வேறு. எந்த மேசையில் பணத்தைக் கணக்கில்லாமல் இறைக்கும் ஒருவர் அமர்ந்திருக்கிறாரோ அந்த மேசையில் இருக்கவே எல்லோரும் விரும்புவர். அத்தகையவரை அவர்கள் குழூஉக்குறியில் மீன் என்கின்றனர். கொக்குகள் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

அன்றிரவு மீன் இருந்தது ஊட்டும் மேசையில். உரக்கச் சிரித்துக்கொண்டு, சீட்டைப் பாராமலே பணயம் வைத்து, தோற்றதும் மேலும் வில்லைகள் வாங்கிய ஓர் உல்லாசப் பயணி. முதன்மை மேசையிலோ ஒன்பது பேரும் கல்லுப்போல அமர்ந்திருந்தனர். ஆகவே அங்கே ஓர் ஆசனம் வெறுமையானபோது, போகவேண்டிய முறை எவருடையதோ அவர் முகம் கறுத்தது.

அவர் அவ்விடத்துக்கு நாளாந்தம் வருபவர். மணிக்கட்டில் கனத்த பொற்சங்கிலி. ஆட்டம் வென்றால் சீட்டுப் பிரிப்பவருக்கு ஒரு வில்லையைச் சந்தோஷமாக எறிவது அங்கு வழக்கம். இவர் இரண்டு எறிபவர். முதன்மை மேசையிலிருந்து ஒருவர் எழுவதைக் கண்டதுமே இவர் கழிவறைப் பக்கம் நடந்துவிட்டார். ஆள் இல்லையாயின் அடுத்தவரை அனுப்பிவிடுவார்கள் என்பது கணக்கு. பின்னே அடுத்திருந்தவன் எமது மருமகன்.

அப்பெண்மணி விரைந்து வந்தார். வெற்று ஆசனத்தையும் பார்த்தார். சங்கிலிக்காரர் விட்டுச்சென்ற ஆசனத்தையும் பார்த்தார். முதன்மை மேசையின் வெறும் இடத்தில், ஒதுக்கப்பட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு வில்லையை வைத்துவிட்டுத் தம் மேடைக்குத் திரும்பினார். மருமகனை நோக்கவேயில்லை.

பத்து நிமிடம் கழித்து அவர் வந்தார். ஆசனத்தில் அமர்வதற்குள் பெண்மணி அருகில் நின்றார். நடந்த உரையாடலை நாம் கேட்கும் தூரத்தில் இருந்தோம். தாம் இருபது ஆண்டுகளாக வருவதாக அவர் கூறினார். அடுத்த இளைஞனை அனுப்பினால் குறைந்தா போகும் என்றார். இருவர் மனமொத்தால் முறையை மாற்றிக்கொள்ள இடமளிக்கும் மண்டபங்களும் உண்டாம். இங்கு அது இல்லை. இருந்தாலும் மருமகனின் மனத்தை எவரும் கேட்டிருக்கவில்லையே! பெண்மணி குரலை உயர்த்தாமல், அங்கே ஐந்தாம் ஆசனம், அல்லது காசாளர் மேடை, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்றார். எழுந்து போய் மறுபடி பெயர் கொடுத்தால் பட்டியலின் அடியில்தான் இடம் என்பதையும் நினைவூட்டினார்.

அவர் எழுந்தார். எழும்போது வில்லைகளில் ஒரு கட்டை மெல்லச் சட்டைப்பையில் இட்டார். அதற்கும் விதி இருந்தது. மேசை பெயர்பவர் தம் முன்னிருந்த வில்லைகள் அனைத்தையும் கொண்டு சென்று புதிய மேசையில் வைக்கவேண்டும். மற்றவரிடம் வென்றதை ஒளித்துவைத்து, இழப்பதற்குச் சிறிதளவே முன்னே வைத்து விளையாடுவது முறையன்று என்பது அவர்கள் கொள்கை. பெண்மணி ஒன்றும் பேசாது விரலால் சட்டைப்பையைக் காட்டினார். கட்டு வெளியே வந்தது.

மருமகன் எம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நீதி வென்ற மகிழ்ச்சி! அரை மணி நேரம் சென்றதும் முதன்மை மேசையில் மற்றோர் ஆசனம் வெறுமையாயிற்று. இம்முறை அவன் முறை. மீனை விட்டுப் பிரிய அவனுக்கும் மனமில்லை. “சரியான விசர்ச் சட்டம்” என்று எம் காதருகே முணுமுணுத்துக்கொண்டு வில்லைகளை அள்ளிச் சென்றான். சீட்டுப் பிரிப்பவருக்கு இடப்புறத்து ஆசனம் அவனுக்கு வாய்த்தது.

மண்டபத்தில் சற்றே ஓய்வு கண்ட நேரத்தில் அப்பெண்மணி எம்மருகே வந்து, ஆசனம் வேண்டுமா எனக் கேட்டார். நாம் ஆசிரியர், விளையாடுவதில்லை, பார்க்கவே நிற்கிறோம் என்றோம். ஆசிரியர் என்றதும் முறுவலித்தார். தாமும் ஒரு வகுப்பை மேய்ப்பவர்தான் என்றார். நீர்ப் போத்தல் ஒன்றை எமக்குத் தந்தார். பேச்சோடு பேச்சாக, மேசை மாற்றுவதில் எது கடினம் எனக் கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இன்னும் எம் செவியில் நிற்கிறது. பட்டியலில் ஒருவரைத் தாண்டி மற்றவருக்கு இடங்கொடுக்கும்போது, தாண்டப்பட்டவர் பெரும்பாலும் கண்முன் இருப்பதில்லை. கோப்பி குடிக்கப் போயிருப்பார், அல்லது சீட்டில் கவனமாய் இருப்பார். கண்முன் நிற்பவர் சலுகை கேட்பவர் மட்டுமே. அவருடைய முகம் தெரியும், கஷ்டம் தெரியும். மற்றவர் திரையில் நான்கு எழுத்து.

இவ்வாறு கூறிவிட்டு அவர் யாரோ அழைக்கப் போய்விட்டார். எமக்கோ நின்ற இடம் மறந்துபோயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பாடசாலையில் கற்பித்த காலத்தில், ஒரு தரத்தின் பிரிவு மாற்றங்களைக் கவனிக்கும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. அத்தரத்தின் பிரிவொன்றில் கணிதத்தை மிகத் திறமையாகக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தமையால், அங்கு மாறப் பலர் விண்ணப்பித்திருந்தனர். இரண்டு இடங்களே இருந்தன. விண்ணப்பித்த நாளின் வரிசைப்படி கொடுப்பதென முடிவு. முதல் இடம் முறைப்படி போயிற்று. இரண்டாவது இடத்துக்குரிய பிள்ளையின் பெற்றோரை நாம் கண்டதில்லை. மூன்றாவதாக இருந்த பிள்ளையின் தந்தை எமக்குத் தெரிந்தவர், நோயுற்றிருந்தார், வீட்டுக்கு வந்து எம் முன்னால் அமர்ந்து கண்கலங்கினார். நாம் இரங்கினோம். இடம் மூன்றாவது பிள்ளைக்குப் போயிற்று. கைமாறாக ஒரு பழம்கூடப் பெறவில்லை. ஆகவே பிழை செய்ததாக எமக்குத் தோன்றவில்லை.

ஒரு கிழமை கழித்து இரண்டாவது பிள்ளையின் தாய் வந்தார். “சேர், என்ரை பிள்ளையின்ரை பேர் முன்னுக்குத்தானே இருந்தது?” என்று மட்டும் கேட்டார். நாம் ஏதோ கூறினோம். என்ன கூறினோம் என்பது நினைவில்லை. அவர் கேட்டது மாத்திரம் நினைவிலுண்டு. வழக்காடவில்லை, அதிபரிடம் போகவுமில்லை. குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

இனி விட்ட இடத்துக்கு வருவோம். விதியை எழுத்துக்கு எழுத்து நடத்துவதே முறையென்று அந்த உலகமும் சொல்லவில்லை. பணம் கட்டிச் சேர்ந்து, கடைசி ஒருவர் எஞ்சும்வரை ஆடும் போட்டிகள் அங்கு பிரசித்தமானவை. அவற்றில் தலையாயதான போக்கர் உலகத் தொடர் 1970ஆம் ஆண்டு லொஸ் வேகாஸின் பழைய நகர்ப்பகுதியிலுள்ள பினியன்ஸ் ஹோர்ஸ்ஷூ என்னும் நிலையத்தில் ஒரு சிலரோடு தொடங்கியது. 2024ஆம் ஆண்டு அதன் முதன்மைப் போட்டியில் 10,112 பேர் பதிந்தனர். ஆட்கள் தோற்று வெளியேற வெளியேற மேசைகளைக் கலைத்து, எஞ்சியோரை வேறு மேசைகளில் நிரப்பவேண்டும். எவரை எங்கே இருத்துவது என்பது இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான காரியம். ஆகையால் கலைந்த மேசையினருக்குப் புதிய ஆசனம் திருவுளச்சீட்டினாலேயே தீர்மானிக்கப்படுகிறது. சூதாடிகள் ஒருவர் மீதொருவர் நம்பிக்கை வைக்காதபோது அதிர்ஷ்டத்தின் மீதே நம்பிக்கை வைப்பது பொருத்தந்தானே.

மேசைகளைச் சமப்படுத்த ஒருவரை மட்டும் பெயர்க்கும்போது வேறு முறை. போக்கரில் ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் சீட்டுப் பார்க்குமுன்பே கட்டாயப் பணயம் வைக்கவேண்டும். அந்தச் சுமை மேசையைச் சுற்றி முறைமுறையாக வரும். அடுத்த பெரிய பணயம் எவருக்கு வரவிருக்கிறதோ அவரே பெயர்க்கப்படுகிறார். புதிய மேசையிலும் அச்சுமைக்கு மிக அண்மையான இடமே அவருக்கு. இவ்வாறாயின், சுமைக்குத் தப்ப மேசை மாறினார் என்று எவரும் சொல்ல இடமிராது. ஊருக்கு ஊர் வேறுபட்ட இவ்விதிகளை ஒழுங்குபடுத்துவதற்காகப் போட்டி நடத்துநர்கள் 2001ஆம் ஆண்டு லொஸ் வேகாஸில் கூடிச் சங்கம் அமைத்தனர். அவர்கள் வகுத்த முதலாவது விதியே, அசாதாரணமான வேளைகளில் நியாயம் கருதி ஏனைய விதிகளை மீறலாம் என்னும் கருத்துடையது. விதிநூலின் முதற்பக்கத்திலேயே விதியை மீற ஒரு கதவு!

அந்தக் கதவை எப்பொழுது திறப்பது என்பதே வில்லங்கம். அன்றிரவு நள்ளிரவை அண்டிய நேரத்தில் அதனையும் கண்டோம்.

ஊட்டும் மேசையில் ஒரு முதியவர் இருந்தார். எண்பதை நெருங்கியவர், இரு செவிகளிலும் கேட்கும் கருவி. சீட்டுப் பிரிப்பவரை ஒட்டிய ஆசனத்தில் அமர்ந்து, ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்து, பணயம் எவ்வளவென்று கேட்டுக் கேட்டு விளையாடினார். பொற்சங்கிலிக்காரர் சிறிது நேரத்தில் வீட்டுக்குப் புறப்பட, முதன்மை மேசையின் ஐந்தாம் ஆசனம் வெறுமையாயிற்று. அது சீட்டுப் பிரிப்பவருக்கு நேரெதிரே, மேசையின் மறுகரையில். முறை முதியவருக்கு.

அவர் கெஞ்சினார். தமக்கு அங்கிருந்து எதுவும் கேளாது; இந்த ஆசனத்தை விட்டுவிடுங்கள் என்றார். உண்மைதான் என்று எமக்குப் பட்டது. அவர் விளையாடுவது வெல்வதற்காக என்றும் தோன்றவில்லை. தனிமையில் இருக்கும் முதியவருக்கு அது ஒரு பொழுது. அவரை விட்டு அடுத்தவரை அனுப்பினால் என்ன? எம் கையில் அந்தப் பட்டியல் இருந்திருந்தால் ஐயமின்றி அவ்வாறே செய்திருப்போம். ஏற்கெனவே செய்தவர்தாமே நாம்.

பெண்மணி அவர் காதருகே குனிந்து நெடுநேரம் பேசினார். பின்னர் அவருடைய வில்லைகளைத் தாமே தட்டில் அடுக்கிக்கொண்டு, கையைப் பிடித்து முதன்மை மேசைக்கு அழைத்துச் சென்றார். விதி நிறைவேறியது. அடுத்து, ஐந்தாம் ஆசனத்தின் பின்னால் நின்றவாறு, மேசையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கூறினார்: இந்த ஐயாவுக்குச் செவிப்புலன் குறைவு. சீட்டுப் பிரிப்பவருக்கு இரு பக்கத்திலும் உள்ளவர்களில் எவராவது இடம் மாறிக்கொள்ள விரும்பினால் நான் நன்றி உடையவளாவேன். இது வேண்டுகோள், கட்டளையன்று.

அவர் அந்த முதியவருக்காக இன்னொருவரின் முறையை எடுத்துக் கொடுக்கவில்லை. உரியவரிடமே கேட்டார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் அந்தப் பித்தளைக் கம்பியருகே நின்றுதான் அளந்தோம்.

மேசையில் மௌனம். வலப்புறத்து ஆசனத்தில் ஓர் இளம்பெண். இடப்புறத்தில் எமது மருமகன். அவன் வில்லைகளை நோக்கியவண்ணம் இருந்தான். ஒரு வில்லையை எடுத்தான், வைத்தான். முதியவர் எவர் முகத்தையும் பாராமல் நின்றார். நாம் கம்பியை இறுகப் பிடித்தோம். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தோம். பார்வையாளர் ஆட்டத்தில் குறுக்கிடலாகாது என்பது விதி. அன்றியும், சொல்ல எமக்கு என்ன தகுதி?

இளம்பெண் எழுந்தாள். வில்லைகளைக் கையால் மறுகரைக்குத் தள்ளிவிட்டு, முதியவருக்கு நாற்காலியை இழுத்துக் கொடுத்தாள். அவள் எழுந்தபின் மருமகனும் பாதி எழுந்தான், பிறகு இருந்துவிட்டான். அவனுடைய காதுகள் சிவந்திருந்ததை விளக்கொளியில் தெளிவாகக் கண்டோம். பெண்மணி இளம்பெண்ணின் தோளைத் தொட்டு நன்றி கூறிவிட்டு, ஊட்டும் மேசையின் வெற்றிடத்துக்கு அடுத்த பெயரைக் கூவினார்.

மருமகன் அதன்பின் நெடுநேரம் விளையாடவில்லை. நாற்பது டொலர் வென்றிருந்தான். காசாளரிடம் மாற்றிக்கொண்டு வந்தபோது முகத்தில் மகிழ்ச்சி இல்லை. திரையில் அவனுடைய நான்கு எழுத்தும் மறைந்தன. மின்னுயர்த்தியில் மேலே செல்லும்வரை இருவரும் பேசவில்லை.

காலையில் புறப்பட்டோம். இல்லத்தரசியார் பின் ஆசனத்தில் கண்ணயர்ந்துவிட்டார். ஹூவர் அணைக்கு அருகே 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உயர்ந்த பாலத்தைக் கடந்தால் அரிசோனா மாநிலம். பாலத்தை அணுகும்போது மருமகன் சொன்னான்: “நான்தான் முதலில் எழும்பியிருக்கவேணும், மாமா. அந்த இடத்தில் நல்ல சீட்டு வந்துகொண்டிருந்தது. அதுதான்.”

அவனைக் கடிந்துகொள்ளலாம் என அவன் எதிர்பார்த்திருப்பான். நாம் அவனுக்கு அந்தத் தாயின் கதையைச் சொன்னோம். இதுவரை எவருக்கும், பின்னால் உறங்கிக்கொண்டிருந்தவருக்கும்கூட, சொல்லாத கதை. அவன் பாதையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்.

“அந்தப் பெடியன் பிறகு என்ன ஆனான்?”

“அடுத்த தவணை வேறு பாடசாலைக்குப் போய்விட்டான்” என்றோம்.

“பேர் ஞாபகம் இருக்குதோ?”

இருந்தது. முழுப்பெயரையும் சொன்னோம். பாலத்தின் கீழே, வெகு ஆழத்தில், கொலராடோ ஆறு பச்சை நூல்போலக் கிடந்தது. பின் ஆசனத்திலிருந்து, “யாரப்பா அது?” என்றொரு குரல் கேட்டது.